பழைய தொட்டி வாங்கலாம், பவளம் வாங்கக் கூடாது

கடல் மீன் வளர்ப்பில் சில ஆண்டுகள் தோய்ந்தவர்களுக்கு, வீட்டில் இருக்கும் தொட்டி ஒரு கட்டத்தில் சிறியதாகத் தெரியத் தொடங்கும். 3 அடித் தொட்டியில் ஒரு சோடி கிளவுன் மீனும் நான்கைந்து இறாலும் நிலைபெற்றுவிட்ட நேரத்தில், 5 அடித் தொட்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று தகவல் வரும். விற்பவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறார். ஸ்டாண்டு, கீழே வைக்கும் சம்ப் தொட்டி, மோட்டார், லைட் எல்லாம் சேர்த்தே புதுத் தொட்டியின் விலையைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார். சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் தொடங்கி, வளர்ப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை இப்படிப்பட்ட தொட்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். நல்ல கண்ணாடித் தொட்டி எளிதில் வீணாகிற பொருள் அல்ல. ஆனால், இரண்டு நிபந்தனைகள் உண்டு. கண்ணாடி, தரை, மின்சாரம் மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தத் தொட்டிக்குள் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளம் ஒரு துண்டுகூட வந்துசேரக் கூடாது. முதல் நிபந்தனையை மீறினால் வாங்கியவருக்கு நஷ்டம். இரண்டாவதை மீறினால் நஷ்டம் மன்னார் வளைகுடாவுக்கு.

பெரிய தொட்டி ஏன் நல்லது?

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் நீர் பிடிக்கும். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 565 லிட்டர். நீளம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நீரின் அளவோ மூன்று மடங்காகிவிடுகிறது. இந்தக் கூடுதல் நீர்தான் பெரிய தொட்டியின் உண்மையான பலம். ஒரு டம்ளர் மோரில் கை தவறி விழுந்த உப்பு வாயில் வைக்க முடியாதபடி செய்துவிடும். ஒரு பானை மோரில் அதே உப்பு விழுந்த சுவடே தெரியாது. கடல் நீர்த் தொட்டியில் நடப்பதும் இதுதான். பாறை இடுக்கில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், அதிலிருந்து கசியும் அம்மோனியா சின்னத் தொட்டியில் ஓரிரு நாளில் மற்ற மீன்களையும் கொன்றுவிடும். பெரிய தொட்டியில் அது நீர்த்துப்போகும். கண்டுபிடித்து அகற்ற அவகாசம் கிடைக்கும்.

பவளப்பாறையைச் சார்ந்து வாழும் உயிர்கள் பல லட்சம் ஆண்டுகளாக அதிகம் மாறாத நீரில் வாழ்ந்து பழகியவை. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வீட்டுத் தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. அது அப்படியே தங்கி, மிஞ்சிய நீரை மேலும் கரிக்க வைக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு நாள் நல்ல நீர் ஊற்றி ஈடுசெய்யாமல் விட்டால், சிறிய தொட்டியின் உப்பு அளவு கண்டபடி ஏறிவிடும். வெப்பமும் அப்படித்தான். இந்த உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சென்னையில் 40 டிகிரி தொடும் நாளில் மோட்டாரின் சூடும் விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும்போது, 190 லிட்டர் சூடாகிற வேகத்தில் 565 லிட்டர் சூடாவதில்லை. எனினும், குளிரூட்டும் சில்லரோ ஏ.சி. அறையோ இல்லாமல் தமிழ்நாட்டுக் கோடையைத் தாண்டுவது பெரிய தொட்டிக்கும் கடினம்தான்.

இடம் மீனுக்கும் வேண்டும். கடைகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு நம்பிக்கை உண்டு: தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் மீன் வளரும் என்பது. இது தவறு. இடமும் நல்ல நீரும் இல்லாமல் வளர்ச்சி குன்றிய மீன் நோயாளி மீன். அதன் ஆயுளும் குறைகிறது. திரைப்படத்தால் புகழ்பெற்ற நீல டாங் மீன், கடைக்கு வரும்போது ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். முழுதாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். நாள் முழுக்க நீந்தித் திரியும் அந்த மீனுக்கு 5 அடித் தொட்டியே போதாது. ஆகவே, பெரிய தொட்டி வந்ததும் பெரிய மீன் வாங்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் நல்ல வளர்ப்பாளருக்கு அழகு. புதிதாகக் கிடைத்த இடம் முதலில் பழைய மீன்களுக்கே சேர வேண்டும்.

கண்ணாடியும் பசையும்

2 அடி உயரத்துக்கு நீர் நிறைந்த 5 அடித் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியை, நீர் ஏறக்குறைய 290 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது மூலைகளில் இருக்கும் சிலிக்கான் பசை. பழைய தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் காற்றுக் குமிழிகள் தெரிகின்றனவா, ஓரம் உரிந்திருக்கிறதா, பாசி சுரண்டும் பிளேடு பசையைக் கீறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் நடுவில் உள்ள மெல்லிய கீறல் அழகைத்தான் கெடுக்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, மூலையில் விரிசல் ஓடியிருந்தாலோ அந்தத் தொட்டியைத் தொடவே கூடாது.

பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் நின்ற ‘அக்வாடோம்’ என்ற உருளை வடிவப் பெருந்தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று அதிகாலையில் வெடித்துச் சிதறியது. 10 லட்சம் லிட்டர் நீரும் சுமார் 1,500 மீன்களும் கூடத்திலும் தெருவிலும் கொட்டின. அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் மனிதர்களுக்கு இல்லை. மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. அது அக்ரிலிக்கால் ஆனது. வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டது. விசாரித்த நிபுணர்கள் பசை இணைப்பு விட்டுப்போனது உள்ளிட்ட சில வாய்ப்புகளைச் சொன்னார்களே தவிர, இதுதான் காரணம் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. பொறியாளர்கள் பராமரித்த தொட்டியே முன்னறிவிப்பின்றிக் கைவிடும் என்றால், யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இரண்டு ஆண்டுகள் காய்ந்து கிடந்த தொட்டியை நம்பி நேராக வரவேற்பறையில் வைத்து நிரப்புவது சரியாகாது.

தரைத்தளத்தில், மட்டமான இடத்தில் வைத்து, ஒரே மூச்சில் நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏற்றி, விளிம்பு வரை நிறைத்து மூன்று நான்கு நாட்களாவது விட்டுப்பார்க்க வேண்டும். அடியில் விரித்த செய்தித்தாள் ஈரமானால் கசிவு தெரிந்துவிடும். கசிந்தால் மேலே கொஞ்சம் பசை பூசிச் சமாளிக்கும் வழக்கம் இருக்கிறது. அது பலனளிக்காது, புது சிலிக்கான் பழைய சிலிக்கானில் சரியாக ஒட்டுவதில்லை. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துத் துடைத்த பிறகே புதியதைப் பூச வேண்டும். அதிலும் குளியலறைக்கென்று விற்கப்படும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானைத் தொடக் கூடாது, அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும். பசையின் புளித்த வாடை அடியோடு போகும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, தொட்டி காய வேண்டும். கண்ணாடிகளைத் தாங்கும் இணைப்பே பழுதென்றால், தொட்டி கட்டும் அனுபவமுள்ள கைவினைஞரிடம் விடுவதே சரி.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு: தாமிரம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தாகத் தாமிரக் கலவையை ஊற்றுவது பழைய வழக்கம். மீன் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தாமிரம் சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறையிலும் மணலிலும் ஏறி, பின்னர் மெல்ல மெல்லக் கசியும். இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அது நஞ்சு. ஆகவே, “இந்தத் தொட்டியில் மருந்து போட்டதுண்டா?” என்று விற்பவரைக் கேட்பது அநாகரிகம் ஆகாது. பதில் எதுவாக இருந்தாலும் பழைய மணலையும் பாறையையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது பாதுகாப்பு. கண்ணாடியில் படிந்த உப்புக் காரையை வினிகரால் துடைக்கலாம். சோப்பு வேண்டாம்.

தரை தாங்குமா?

565 லிட்டர் கடல் நீரின் எடை மட்டும் 580 கிலோவுக்கு அருகில் வரும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அதுவே 100 கிலோவைத் தாண்டும். பாறை, மணல், ஸ்டாண்டு, கீழே வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்த்தால் 850 கிலோவுக்குக் குறையாது. இந்த எடை முழுவதும் 10 சதுர அடி இடத்தில் இறங்குகிறது. வீட்டு அறைகளின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமையைத் தாங்கும்படி அமைய வேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் கணக்கு. தொட்டி நிற்கும் இடத்தில் இறங்குவது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

அதற்காகத் தளம் உடனே இடிந்துவிடும் என்று பொருளில்லை. சுமை முழுத் தளத்துக்கும் பரவும். பீமுக்கு மேலேயோ, சுமைதாங்கிச் சுவரை ஒட்டியோ வைத்தால் தாங்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருப்பவர் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டே முடிவெடுக்க வேண்டும். கீழ்வீட்டில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. பால்கனியில் வைக்கும் யோசனையை அந்தக் கணமே கைவிட வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எடையைச் சொல்லி அனுமதி வாங்குவதும் நேர்மையின் பகுதி. விற்பனைக்கு வரும் தொட்டிகளில் பல, இந்தப் பேச்சை முன்கூட்டியே பேசாததால் விற்பனைக்கு வருபவை.

ஸ்டாண்டையும் சோதிக்க வேண்டும். உப்பு நீர் சொட்டிய இரும்பு உள்ளுக்குள் துருவேறியிருக்கும்; பெயின்ட் அதை மறைத்திருக்கும். ஒட்டுப்பலகை ஊறி உப்பியிருந்தால் பயன்படாது. தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரிப்பதும், ரசமட்டம் வைத்துச் சமம் பார்ப்பதும் அரை மணி நேர வேலை.

அடுத்தது மின்சாரம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை மேலே உள்ள தொட்டிக்கும் கீழே உள்ள சம்ப்புக்கும் நீர் சுற்றிவரும். கரன்ட் போனதும் மேலிருந்து ஒரு பகுதி நீர் கீழே இறங்கும். அதைக் கொள்ள சம்ப்பில் காலி இடம் இல்லையென்றால் கூடம் முழுக்க உப்பு நீர்தான். தொட்டியை நிறுவிய முதல் நாளே வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் பார்ப்பது ஒன்றே இதற்குச் சோதனை. நீண்ட மின்வெட்டில் மீன்களை முதலில் தாக்குவது மூச்சுத்திணறல். பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்ப் ஒன்று அந்த நேரத்தில் மற்ற எல்லாக் கருவிகளையும்விட மதிப்புள்ளது.

மாற்றும் நாள்

கடல் நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை நீரில் மிதப்பதைவிடப் பாறையின் நுண்துளைகளில் குடியிருப்பதே அதிகம். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பெரிய இயந்திரங்கள் இல்லாமல் உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே கடல் தொட்டியை நிலைநிறுத்தலாம் என்பதை 1961-இல் எழுதி உலகறியச் செய்தார். இன்றைய வீட்டுத் தொட்டிகளின் அடிப்படை அங்கே இருக்கிறது.

ஆகவே, தொட்டி மாற்றுகிற நாளில் காப்பாற்ற வேண்டிய முதல் சொத்து, தன் பழைய தொட்டியில் ஊறிய பாறை. அது ஒரு மணி நேரம்கூடக் காயக் கூடாது. பழைய நீரிலேயே டிரம்மில் மூழ்கியபடி புதுத் தொட்டிக்குப் போக வேண்டும். பழைய மணல் நேர்மாறானது. ஆண்டுக்கணக்கில் அழுக்கு சேர்ந்த அடிமணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் நஞ்சு வெளியேறும். புது மணலைக் கழுவிப் போட்டு, பழையதில் மேலாக ஒரு கைப்பிடி மட்டும் சேர்த்தால் போதும்.

இரண்டு தொட்டிக்கும் இடையில் உள்ள 375 லிட்டர் வித்தியாசத்துக்குப் புது நீர் வேண்டும். ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, மோட்டார் விட்டு ஒரு நாளாவது சுழலவிட்டு, உப்பு அளவும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்துப்போகிறதா என்று அளந்த பிறகே ஊற்ற வேண்டும். மெரினாவிலிருந்து குடத்தில் மொண்டு வந்த நீரில் நகரத்தின் கழிவும் கலந்திருக்கும். அது வேண்டாம்.

மீன்களைக் கடைசியில்தான் பிடிக்க வேண்டும். பாறைகளை எடுத்த பிறகு, குறைந்த நீரில் அவை எளிதாகக் கைக்கு வரும். துரத்துவதால் ஏற்படும் அதிர்ச்சியும் குறையும். புதுத் தொட்டியில் விட்ட பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு அம்மோனியாவைத் தவறாமல் சோதிப்பதும், தீனியைக் குறைப்பதும், ஒரு மாதத்துக்காவது புது மீன் வாங்காமல் இருப்பதும் கடைப்பிடிக்க வேண்டியவை. பெரிய தொட்டி காலியாகத் தெரியும். தெரியட்டும். காலியாக விட்ட 3 அடித் தொட்டியையும் உடனே விற்காமல், பிறகு வாங்கும் மீன்களை நான்கைந்து வாரம் தனிமைப்படுத்திப் பார்க்கும் இடமாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நோயுற்ற மீன் மொத்தத் தொட்டியையும் காலி செய்வதை அது தடுக்கும்.

பவளம் என்னும் கேள்வி

விளம்பரங்களில் ‘ஃபுல் செட்டப்’ என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணாடி, லைட், மோட்டாரோடு பாறையும் மீனும் பவளமும் சேர்ந்தே விற்பனைக்கு வரும். வாங்குபவர் பலருக்கும் இதில் தவறு இருப்பதே தெரியாது.

1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் அதே அட்டவணைக்குள் வந்தன. புலிக்கும் யானைக்கும் தரப்படும் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முதல் அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. வரவேற்பறை அலங்காரம் என்று நினைத்து வாங்கியவர் அந்தத் தண்டனைக்குள் போய் நிற்க நேரலாம்.

சட்டத்தின் பயத்தைவிடப் பெரிய காரணம் கடலில் இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுப்பது பல ஆண்டுகள் நிற்கவில்லை. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் மணல் அரிக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே சுருங்கிக்கொண்டே வந்த வான் தீவைக் காப்பாற்ற, அரசு செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைக் கையால் நட்டு மறுபடி வளர்க்கும் பணியை 2002 முதல் செய்துவருகிறது. இதற்கிடையே கடல் வெப்பமேறி 2010, 2016, 2024 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. ஒருபக்கம் ஒவ்வொரு துண்டாக நட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்துக் கண்ணாடிக்குள் வைப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

தொட்டி மோகம் கடற்கரையைக் காலி செய்வது புதிய கதையும் இல்லை. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853-இல் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப் பெரிதும் காரணமாக இருந்தவர் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ். கடல் தொட்டி பற்றி அவர் எழுதிய நூல்கள் இங்கிலாந்தில் பெரும் அலையைக் கிளப்பின. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போய் உயிர்களை அள்ளி வந்தார்கள். தந்தை முதன்முதலில் கண்டு வியந்த டெவன் கடற்கரைப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டுப் போனதையும், தன் நூல்களே அதற்கு வழிவகுத்ததை நினைத்து அவர் வருந்தியதையும், மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியான தம் நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார். நேசித்தவர்களாலேயே அந்தக் கரை அழிந்தது.

நம் காலத்தில் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் அதே நிலை. அங்கு மட்டுமே இயல்பாக வாழும் பாங்காய் கார்டினல் மீன், தொட்டி வணிகத்துக்காக லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டதால் 2007-இல் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றது. சூழல் ஆய்வு இல்லாமல் தொட்டி மீன்களைப் பிடிக்க அனுமதிக்கக் கூடாது என்று ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பவளத்தின் சிறு கிளையை வெட்டித் தொட்டியிலேயே வளர்த்து, வளர்ந்ததை மறுபடி வெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். கடலைத் தொடாமலே பவளம் பெருகுகிறது. வளர்க்கும் நுட்பமும் பரவுகிறது. இது உண்மை. ஆனால், இங்கே ஒரு கடையில் இருக்கும் துண்டு யாருடைய தொட்டியில் வளர்ந்தது, கீழக்கரைக்கு அருகில் உடைக்கப்பட்டது எது என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. பிரித்தறியச் சான்று தரும் ஏற்பாடும் இங்கு இல்லை. அந்த ஏற்பாடு வரும்வரை பவளத்தை மறுப்பதைத் தவிர நேர்மையான வழி வேறில்லை.

பவளம் இல்லாமல் தொட்டி களைகட்டுமா?

களைகட்டும். சிமென்டிலும் பீங்கானிலும் செய்த நுண்துளைப் பாறைகளில் சில மாதங்களில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்துவிடும். அதனிடையே சுத்தம் செய்யும் இறாலும், மணலில் வளை தோண்டும் கோபி மீனும், பாசி மேயும் நத்தையும் நாள் முழுக்கப் பார்க்கத் தீராத உலகம். கிளவுன் மீனுக்குக் கடல் தாமரை கட்டாயமில்லை. தொட்டியில் பிறந்த கிளவுன் அது இல்லாமலே நன்றாக வாழ்ந்து, பாறைச் சரிவில் முட்டையிடும். ஆண் மீன் அந்த முட்டைகளை விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமானதும், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவரும்.

இந்த மீன்களைக் கடலில் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற காலம் போய்விட்டது. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கிளவுன், டாம்செல் இன மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கிளவுன் மீன் வளர்ப்பில் பணியாற்றியிருக்கிறது. லட்சத்தீவின் அகத்தி தீவில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பாங்காய் கார்டினல் மீனையும் தொட்டியிலேயே பெருக்கலாம். ஆண் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம் அது.

நுட்பம் இருக்கிறது, கொளத்தூர்க் கடையின் கண்ணாடிக்கு அது வந்துசேரும் வழிதான் குறுகலாக இருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்தது என்ற சான்றுடன் மீன்களை விற்க மாநில மீன்வளத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். நன்னீர் வண்ண மீனைக் குடிசைத் தொழிலாகவே வளர்த்தெடுத்த கொளத்தூர்க் குடும்பங்களுக்கு, கடல் மீன் குஞ்சு வளர்க்கும் பயிற்சியும் கடனும் தந்தால் அவர்கள் செய்துகாட்டுவார்கள். வீட்டுத் தொட்டிகளில் ஏற்கெனவே இருக்கும் பவளங்களுக்கும் ஒரு வழி வேண்டும். வெளிநாட்டு வன உயிர்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து பதிவு செய்ய 2020-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வாய்ப்பளித்தது. அதுபோல, பவளம் வைத்திருப்போர் வழக்கு பயமின்றி ஒப்படைக்க ஒரு காலக்கெடு அறிவித்தால், அந்த உயிர்கள் ஆராய்ச்சி நிலையங்களுக்காவது போய்ச்சேரும்.

விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய கடைசிக் கடமை, மிஞ்சிய உயிர்களைப் பற்றியது. யாருக்கும் வேண்டாத மீனைக் கடலில் விடுவது கருணை போலத் தோன்றும். 1985-இல் புளோரிடா கடலில் முதன்முதலாகக் காணப்பட்ட சிங்க மீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்களின் வழியாகப் பரவி, இன்று கரீபியக் கடல் முழுவதும் உள்ளூர் மீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் ஏரி குளங்களில் வலைகளைக் கிழிக்கும் சக்கர் மீனும் வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறியதுதான். வேண்டாத மீனை வேறொரு வளர்ப்பாளரிடமோ கடையிடமோ ஒப்படைப்பதே முறை.

பழைய தொட்டி பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சும் ரசமட்டமும் கொண்டு போங்கள். விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள்; அவருக்கு நேர்ந்த இடைஞ்சல் நாளை உங்களுக்கும் நேரக்கூடியது. கண்ணாடிக்கும் மோட்டாருக்கும் உரிய விலையைக் கொடுங்கள். பவளத்தைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், இலவசமாகவே தந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.